வறுவல் வண்டியில் கடல் விதவை

கதவு முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவது இழுப்பில் வந்தது. மலக்கி வண்டிக்குள் ஏறி, அந்தக் கடல் அலைச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். உப்பு டப்பாவுக்கும் வினிகர் பாட்டில்களுக்கும் நடுவில் பாட்டுப்பெட்டி இருந்தது. பொத்தானை அழுத்தினார். விரல் வழுக்கியது. பல வருடத்து எண்ணெய் அதன்மேல் மெழுகு போல உறைந்திருந்தது. அவர் இன்னொரு முறை அழுத்துவதற்குள் அலை ஓய்ந்து பறை தொடங்கிவிட்டது. ஒயரைப் பிடித்துச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

முற்றத்தில் தூறலில் நின்றிருந்த ஆண்கள் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்.

"எவன் போட்டது இத?" என்றார் மலக்கி.

ஒருவன் கையிலிருந்த சாண்ட்விச்சை அவசரமாகக் கடித்துக்கொண்டான்.

"உள்ள பொணம் கெடக்கு. கல்யாண வீடுன்னு நெனச்சீங்களா?"

"நல்லாத்தானேண்ணே இருந்துச்சு," என்றான் கர்லி. டிராக்டர் பழுது பார்ப்பவன். மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றியிருந்ததால் வழுக்கையில் மழை வழிந்தது. "அட்ராக்டா அக்கா இருந்தா அதுவே போட்டிருக்கும்."

"அவ இல்ல. அதான் எல்லாரும் வந்திருக்கீங்க."

மலக்கி கையைக் கால்சட்டையில் துடைத்தார். எண்ணெய் கையை விட்டுப் போகவில்லை. துணியிலும் சேர்ந்துகொண்டது.

மலக்கியின் அக்கா அட்ராக்டா முன்னறையில் திறந்த பெட்டிக்குள் கிடந்தாள். விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தது. சவப்பெட்டிக்காரர் எதை எதையோ பூசிக் கன்னத்தை ரோஜா நிறமாக்கியிருந்தார். உயிரோடிருந்த அக்காவின் கன்னம் வறுசட்டியின் வெக்கையில் செங்கல் நிறமாக இருக்கும். வாசனைத் திரவியமும் தெளித்திருந்தார்கள். அதையும் மீறி அவளுடைய தலைமுடியிலிருந்து வறுவல் வாடை வந்தது. சாவுக்குக்கூட அதை எடுக்க முடியவில்லை. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அந்த வாடை இல்லாதது போல ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். வரிசையாக வந்தவர்கள் மலக்கியின் கையைப் பிடித்து, "உங்க துக்கத்துக்கு வருந்துறேன்," என்றார்கள். எல்லோரும் ஒரே வாக்கியம். எல்லோரும் ஈரக் கை. கை கொடுத்தவர்களில் பாதிப்பேர் கையை எடுத்த பிறகு விரல்களை உரசிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மைதானத்துக்கு வெளியே உருளைக்கிழங்கு மூட்டையைப் பிரிக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை. அப்போதும் அந்த சி.டி. ஓடிக்கொண்டிருந்ததாம். ஆம்புலன்ஸ் வந்து போன பிறகும் ஓடிக்கொண்டிருந்ததாம். இதைச் சொன்னவர்கள் ஏதோ நல்ல சாவு என்பது போலச் சொன்னார்கள்.

சமையலறையில் நான்கு பெண்கள் ரொட்டியின் ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மகள் லசரீனா வாசலில் நின்று கையசைத்தாள். லிவர்பூலில் நர்ஸாக இருப்பவள். முதல் நாள்தான் வந்து இறங்கியிருந்தாள். அழுது முடித்து, அடுத்த வேலையைப் பார்க்கத் தயாராகிவிட்ட முகம்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நாளைக்கு அடக்கப் பூசையில நீங்க குழல் வாசிக்கணும்."

"வாசிக்கறேன். அதக் கேக்கணுமா? மெதுவான மெட்டா ஒண்ணு..."

"மெதுவானது வேணாம். என்ன வேணும்னு அம்மாவே சொல்லியிருக்கு. போன குளிர்காலத்துல ஆஸ்பத்திரியில கெடந்துச்சுல்ல, அப்பவே."

மலக்கிக்குப் புரிந்துவிட்டது. நாக்கின் அடியில் புளித்த எச்சில் ஊறியது.

"ரோன்மோர் சி.டி.யில மூணாவது பாட்டு," என்றாள் லசரீனா. "'கடல் விதவையின் புலம்பல்'."

"அது பாட்டு இல்ல."

"சி.டி.யையே போட்டுடலாம்னுதான் நெனச்சேன். ஃபாதர் டெவேனி முடியாதுன்னுட்டார். கோவிலுக்குள்ள மெஷின் பாட்டு கூடாதாம். ஆளு வாசிச்சா சரியாம். உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"நான் 'நனைஞ்ச வைக்கோல்' வாசிக்கறேன். அசல் அதுதானே. அத முழுசா வாசிக்கறேன்."

"முழுசா வேணாம் மாமா. சி.டி.யில இருக்கற மாதிரியே வேணும். அந்த வெட்டோட. 'மலக்கி மூஞ்சியச் சுளிப்பான், நீ விட்டுடாத'ன்னு சொல்லுச்சு."

ரொட்டி வெட்டிய பெண்களின் கத்திகள் நின்றுவிட்டன. மலக்கி மூஞ்சியைச் சுளித்தபடிதான் இருந்தார். ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்று வெளியே வந்துவிட்டார்.

மலக்கி பால் நிலையத்து லாரி ஓட்டுபவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடிவதற்கு முன்னால் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றிக்கொண்டு வருவார். வியாழக்கிழமைகளில் மதுக்கடை மூலையில் மரக் குழல் வாசிப்பார். நான்கைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பார்கள். கடையில் இருப்பவர்களுக்கு அவர்களுடைய முதுகுதான் தெரியும். கேட்பவன் கேட்கலாம், கேட்காதவன் குடிக்கலாம். மெட்டு முடிந்ததும் யாரிடம் கற்றது என்று ஒரு பெயர் சொல்வார்கள். அவ்வளவுதான் பேச்சு. ஒருநாள் ஒரு வெள்ளைத் தாடிப் பயணி, கையில் பீரோடு வட்டத்துக்குள்ளேயே தலையை நீட்டி, 'கடல் விதவை' வாசிக்க முடியுமா என்று கேட்டான். மலக்கி குழலை மூன்று துண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதிலிருந்து அவருக்குக் கடல் விதவன் என்று பெயர். ஒரே ஒருவரைத் தவிர முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை.

'நனைந்த வைக்கோல்' அவர் ஏரிக்கரை லூக்கிடம் கற்ற மெட்டு. வைக்கோல் நனைந்துபோன ஒருவனின் எரிச்சல் அதில் இருக்கும். துள்ளும், ஆனால் சிரிக்காது. முதல் பாகம் இரண்டு தடவை, இரண்டாம் பாகம் இரண்டு தடவை. எல்லா மெட்டுக்கும் உள்ள கணக்குதான். மலக்கி லாரி வேலைக்குச் சேர்ந்த வருடம், டப்ளினிலிருந்து முடி வளர்த்த ஒரு பையன் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தான். இதே சமையலறையில் உட்கார்ந்து, மலக்கியும் ஜோஜோ கொலெரனும் வாசித்ததைப் பதிந்துகொண்டான். முட்டை தின்றான். நன்றி சொன்னான். போனான். இரண்டு வருடம் கழித்து அவனும் இன்னும் ஐந்து பேரும் ரோன்மோர் என்ற பெயரில் ஒரு ரெக்கார்டு போட்டார்கள்.

வைக்கோல் கடல் விதவை ஆகிவிட்டது. எரிச்சல் புலம்பலாகிவிட்டது. புலம்பல் என்று பெயர் வைத்துவிட்டு, குதிரை ஓடுகிற வேகத்தில் பறையை வைத்து அடித்திருந்தார்கள். அதைவிட மோசம் அந்த வெட்டு. இரண்டாம் பாகம் பாதியில் அறுந்துபோகும். இரண்டு தாளத் தட்டு நேரம் சத்தமே இருக்காது. பிறகு ஒரே இடி, மறுபடி முதல் பாகம். மீதிப் பாதி எங்கே போயிற்று என்று கேட்க ஆள் இல்லை. ரெக்கார்டின் உறையில் ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார்: பழங்காலக் கடலோர மக்கள் மூழ்கிப்போனவர்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொள்ளும் மௌனம் அது.

அக்காவும் தம்பியும் பிறந்த இந்த ஹார்கடன் வீட்டிலிருந்து பார்த்தால் சதுப்பு நிலம் தெரியும், ரயில் பாதை தெரியும், பால் நிலையத்துப் புகைபோக்கி தெரியும். கடல் தெரியாது.

கடைசியில் அவர்களுடைய தலைசிறந்த பாட்டுகளைச் சேர்த்து இந்த சி.டி. தொகுப்பு வந்தது. அட்டையில் ஒரு கடல்நாய், ஒரு பாறை, ஈரத்துணி ஒட்டிய ஒரு பெண். அதிலிருந்து தப்பிக்க இடமில்லாமல் போயிற்று. பெட்ரோல் போடுகிற இடத்தில் ஓடியது. பல் டாக்டரின் அறையில், வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போது, காதைப் பொத்தவும் முடியாத நிலையில், ஓடியது. பாஸ்டனில் இருப்பவர்கள் அதைக் கேட்டு அழுதார்கள். ஜெர்மன்காரர்கள் அதைக் கேட்டுவிட்டுச் சதுப்பு நிலத்தைப் பார்க்க வந்தார்கள். அதைக் கேட்பதற்கு யாருக்கும் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதுதான் அதன் கவர்ச்சி. சர்க்கரை இனிக்கிறது என்று யாரும் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்வதில்லை.

அதைச் சொந்த அக்காவே தன் வண்டியில் வைத்துக்கொண்டதுதான் அவரால் செரிக்க முடியாதது. கணவன் இங்கிலாந்தில் சாரத்திலிருந்து விழுந்து செத்த வருடம் அவள் அந்த வண்டியை வாங்கினாள். பந்தாட்டம், மாட்டுச் சந்தை, குதிரைப் பந்தயம் என்று எங்கே கூட்டம் கூடினாலும் வண்டி நிற்கும். தொகுப்பு வந்த நாளிலிருந்து வேறு எதையும் அவள் போட்டதில்லை. பாட்டு ஓட ஓட வாங்குபவர்கள் வரிசையில் காலால் தாளம் போடுவார்கள். வறுவலைத் தின்றுகொண்டே தலையாட்டுவார்கள். மோவாயில் எண்ணெய் வழியும். மலக்கி அந்தப் பக்கம் லாரியில் போகும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வார்.

ஒருமுறை வண்டி ஜன்னலுக்கு அருகில் போய்க் கேட்டுவிட்டார்.

"வேற பாட்டே கெடைக்கலையாக்கா ஒனக்கு?"

"இதக் கேட்டா காலு சும்மா இருக்க மாட்டேங்குதுடா," என்றாள் அக்கா, கூடையை உதறிக்கொண்டே. "நீங்க வாசிக்கறதக் கேட்டா டாக்டர் கூப்பிடறதுக்குக் காத்திருக்கற மாதிரி இருக்கு."

"இது நம்ம மெட்ட அறுத்துப் போட்ட பொணம்."

"ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் கேட்டிருக்கியா நீ?"

"வயித்தப் பொரட்டும்."

"அப்ப வறுவல் வேணாம். அடுத்த ஆளு வாங்கப்பா."

வரிசை முழுவதும் சிரித்தது.

இப்போது அதே வண்டி முற்றத்தில் மழையில் நின்றது. அதன்மேல் சாய்ந்துகொண்டு ஜோஜோ கொலெரன் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். வயலின்காரர். வாழ்நாளெல்லாம் மலக்கியின் எதிரில் உட்கார்ந்து வாசித்தவர்.

"என்ன விதவரே, கேட்டுட்டாளா?"

"ஒனக்கும் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். நீ வாசிச்சா நானும் வாசிக்கறேன்னு சொல்லிட்டேன்."

"வெக்கமா இல்ல ஒனக்கு? செத்தவ கேட்டான்னு எச்சியத் திருப்பி முழுங்கச் சொல்றியா?"

"எத்தன செத்த வீட்டுக்கு வாசிச்சிருக்கோம். செத்தவனுக்குப் பிடிச்சது எது, நமக்குப் பிடிச்சது எதுன்னு என்னிக்காவது பார்த்திருக்கோமா?"

"வேற எது கேட்டிருந்தாலும் வாசிப்பேன். பந்தாட்டக் கொடிப் பாட்டு கேட்டா வாசிப்பேன். இது என் மெட்டு. அத வெட்டிப்போட்டவன் வெட்டுன மாதிரியே நானும் வெட்டணுமா?"

ஜோஜோ சிகரெட்டைத் தண்ணீரில் போட்டார். அது உஸ்ஸென்று அணைந்தது.

"நீ அத முழுசாக் கேளு. கேட்டுட்டுத் துப்பு. கேக்காமத் துப்பறது ஒன் வழக்கமாப் போச்சு." பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "லசரீனா! ஒன் மாமனுக்குக் கொஞ்சம் பாட்டுப் போடும்மா!" என்று கத்தினார்.

லசரீனா கோட்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். மூன்று பேரும் வண்டிக்குள் ஏறினார்கள். வறுசட்டியில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கருகிய துண்டுகள் அதில் பாதி புதைந்து கிடந்தன. ஒரு ஈ காலை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. மலக்கி வாயால் மூச்சு விட்டார். வாயால் விட்டால் வாடை நாக்கில் படிந்தது.

லசரீனா ஒயரைச் செருகி மூன்றாவது பாட்டை வைத்தாள்.

அலை. பறை. இரும்புக் கம்பியை மீட்டுகிற மாதிரி ஒரு கிதார். பிறகு குழல். யாரோ ஒருவன் நன்றாகத்தான் வாசித்தான். அதுவே மலக்கிக்குக் கூடுதல் அருவருப்பாக இருந்தது. கெட்டுப்போன இறைச்சிக்கு நல்ல மசாலா. இரண்டாம் பாகம் ஓடிவந்து பாதியில் அறுந்தது. மௌனம். முற்றத்தில் நின்ற ஆண்கள் அந்த இடத்தில் எதையோ முணுமுணுத்தார்கள். மலக்கிக்கு அது காதில் சரியாக விழவில்லை. இடி. மறுபடி முதல் பாகம். அவர் கதவைப் பார்த்தார்.

"இருங்க மாமா. கடைசி வரைக்கும்."

பாட்டு முடிந்தது. திரும்ப அலை வந்தது. அலைக்கு அடியில் வேறு ஒரு சத்தம், தூரத்தில், தகரத்துக்குள்ளிருந்து வருவது போல. பறை இல்லாத, கிதார் இல்லாத ஒரு குழல். கூடவே ஒரு வயலின். மலக்கிக்கு அந்தக் குழல் தன்னுடையது என்று தெரிந்தது. மூச்சு எடுக்கிற இடத்தை வைத்தே தெரிந்தது. இரண்டாம் பாகம், முதல் தடவை, பாதிவரை வந்தது. கதவு கிறீச்சிட்டது. கோப்பைகள் ஒன்றோடொன்று மோதின.

"டீ ஆறுதுடா. எந்திரிங்க," என்றது ஒரு பெண் குரல்.

குழல் நின்றது. யாரோ சிரித்தார்கள். பிறகு ஒரு பையனின் குரல்: "வச்சிட்டுப் போக்கா."

அலை அதன்மேல் ஏறி எல்லாவற்றையும் மூடியது. நான்காவது பாட்டு ஆரம்பித்தது. லசரீனா நிறுத்தினாள்.

"பழைய ரெக்கார்டுல இந்தத் துண்டு கெடையாது," என்றாள். "இந்தத் தொகுப்புலதான் சேத்தாங்க. அம்மா பெட்ரோல் பங்க்ல நின்னு கேட்டுச்சாம். தொட்டி வழிஞ்சு காலெல்லாம் பெட்ரோல். அன்னிக்கே வாங்கிடுச்சு."

"அன்னிக்கு டீ கொண்டு வந்தாளா?" என்றார் மலக்கி.

"என்னிக்கு இல்ல?" என்றார் ஜோஜோ.

தினமும்தான் டீ வந்தது. அதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். டீ வந்ததும் நிறுத்தினார்கள். குடித்துவிட்டு, விட்ட இடத்தை விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். முட்டை தின்ற பையன் டீ குடித்த நேரத்தை நாடாவிலிருந்து வெட்டிவிட்டு, மிச்சத்தை ஒட்டி, மெட்டே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான். பேராசிரியர் மூழ்கிப்போனவர்களைக் கண்டுபிடித்தார். ஆறு பேர், ஒரு பறை, ஒரு கடல்நாய். அத்தனையும் ஒரு டீத்தட்டின்மேல் கட்டியது.

"அம்மா எல்லார்கிட்டயும் சொல்லும்," என்றாள் லசரீனா. "வறுவல் வாங்க வர்றவங்க எல்லார்கிட்டயும். 'வாசிச்சதெல்லாம் அவனுங்க. நிறுத்துனது நானு'ன்னு. உங்ககிட்ட மட்டும்தான் சொல்லல. 'அவனாக் கேக்கட்டும்'னுச்சு."

வாசிக்கிறவர்களின் வட்டத்தில் அக்கா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. உட்கார் என்றும் யாரும் சொன்னதில்லை.

"திரும்பப் போடு," என்றார்.

அவள் போட்டாள். இந்த முறை அவர் அந்தப் பையனின் குரலைத்தான் கேட்டார், தன் குரலை. வச்சிட்டுப் போக்கா. அதில் கோபம் இல்லை. பிரியமும் இல்லை. கதவை மூடச் சொல்வது போல இருந்தது. கதவிடமே சொல்வது போல இருந்தது. அந்தக் குரல்தான் உலகம் முழுக்கப் பல் டாக்டர்களின் அறையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அவர் கதவைத் திறந்து வெளியே எட்டித் துப்பினார். துப்பியும் நாக்கில் கொழுப்பு அப்படியே இருந்தது.

"அந்த அலையாவது இல்லாம இருந்திருக்கலாம்," என்றார். "போ, என் குழல எடுத்துட்டு வா. முன்னறையில கோட்டுக்குக் கீழ இருக்கு."

வண்டியிலேயே பழகினார்கள். வீட்டுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மலக்கியின் விரல்களுக்கு அந்த வெட்டு வரவில்லை. ஆயிரம் தடவை ஓடிய பாதை. பாதிப் படியில் காலைத் தூக்கிக்கொண்டு நில் என்றால் நிற்குமா. இரண்டாம் பாகத்தின் நடுவுக்கு வந்ததும் விரல்கள் தாமாக மீதியை வாசித்துவிடும். வயலின் மட்டும் சரியாக நின்றிருக்கும்.

"நிறுத்துடா," என்பார் ஜோஜோ.

"நிறுத்தறேன்."

"நிறுத்தல. நீ ஓடிட்ட. டீ வந்தாச்சு, நீ இன்னும் வாசிச்சிட்டிருக்க."

"நீ எப்படிடா இவ்வளவு சுத்தமா நிறுத்தற?"

"மதுக்கடையில நீ ஒண்ணுக்குப் போறப்பல்லாம் நாங்க அப்படித்தான் வாசிக்கறோம்."

மலக்கி அவரைப் பார்த்தார். ஜோஜோ வயலினின் ஆணியைத் திருகிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கோவில் நிரம்பி வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். ஈரக் கம்பளி வாடை. பெட்டியை ஆறு பேர் தோளில் சுமந்து வந்தார்கள். காணிக்கைப் பவனியில், இறந்தவரின் வாழ்க்கைக்கு அடையாளமாக மூன்று பொருட்களைப் பீடத்துக்குக் கொண்டுபோனார்கள். வறுவல் அள்ளும் கரண்டியைக் கர்லி ஏந்திப் போனான். உப்பு டப்பாவை ஒரு பெண். சி.டி.யை லசரீனா. ஃபாதர் டெவேனி கரண்டியை வாங்கிக்கொண்டார், உப்பை வாங்கிக்கொண்டார். சி.டி.யைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஓரத்தில் பிடித்தார், செத்த எலியின் வாலைப் பிடிப்பது போல. பீடத்தின் வெள்ளைத் துணியில் வைத்தார். பிறகு விரல்களை மார்பின் அங்கியில் துடைத்துக்கொண்டார். அங்கியில் கறை விழுந்தது. கடல்நாய் கோவிலைப் பார்த்துக் கிடந்தது. சி.டி.யை அப்படிப் பிடித்த அந்த ஒரு விஷயத்தில் மலக்கிக்குப் பாதிரியார்மேல் மரியாதை வந்தது.

நன்மை அப்பம் கொடுத்து முடிந்ததும் ஃபாதர் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். லசரீனா தலையசைத்தாள். மலக்கியும் ஜோஜோவும் பக்கவாட்டுப் பெஞ்சில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். மலக்கி குழலை உதட்டில் வைத்தார். முந்தின நாள் வண்டியில் வாசித்ததால் குழலின் வாயில் வறுவல் எண்ணெய் ஏறியிருந்தது. எத்தனை துடைத்தும் போகாத அதே சுவை.

சி.டி.யின் வேகத்திலேயே தொடங்கினார். முதல் பாகம் இரண்டு தடவை. கோவிலில் கால்கள் அசைவது கேட்டது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. எல்லோருக்கும் பிடித்த பாட்டு. அவருக்குக் காது கூசியது. இரண்டாம் பாகம் வந்தது. நடு வந்தது. விரல்கள் ஓடப் பார்த்தன. அவர் நாக்கால் மூச்சை அடைத்தார். நின்றது.

மௌனம்.

"டீ ஆறுது!" என்று பின்பெஞ்சிலிருந்து கர்லி கத்தினான்.

ஃபாதர் டெவேனி கண்ணைத் திறந்தார். பிறகு யாரோ மூக்கால் சிரித்தார்கள். அது பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. இரண்டு தட்டு நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. ஜோஜோ வில்லை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு மலக்கியையே பார்த்தார். சிரிப்பு அடங்கும்வரை மலக்கி காத்திருந்தார். அவருக்கு முன்னால் பெட்டி இருந்தது. மறுபடி முதல் பாகத்தை எடுத்தார்.

அடுத்த சுற்றில் வெட்டு வந்தபோது கோவில் முழுவதும் கத்தியது. பெண்கள், பந்தாட்டப் பையன்கள், பால் நிலையத்து மேலாளர், அவருடைய மனைவி, எல்லோரும். லசரீனா அழுதுகொண்டே கத்தினாள். மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிற மாதிரி இருந்தது. புனிதர்களின் பொம்மைகளுக்கு நடுவில் அந்த வார்த்தைகள் எதிரொலித்தன. மலக்கிக்கு எழுந்து வெளியே ஓடிவிட வேண்டும் போலிருந்தது. மூன்றாம் சுற்றையும் வாசித்தார். அதிலும் நிறுத்தினார். முடித்ததும் யாரிடம் கற்றது என்று சொல்ல வாயெடுத்தார். ஏரிக்கரை லூக் என்றுதான் ஆயுள் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

"அட்ராக்டா ஹார்கடன்," என்றார். ஜோஜோவுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

கைதட்டினார்கள். கோவிலுக்குள் கைதட்டினார்கள்.

கல்லறையில் மண் போட்டு முடித்துத் திரும்பும்போது பல் டாக்டர் மலக்கியின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அப்படியே ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சு மலக்கி. சத்தியமா. ஒரு வித்தியாசம் தெரியல."

"சந்தோஷம்," என்றார் மலக்கி.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மழை விட்டிருந்தது. மலக்கி விடிவதற்கு முன்னால் லாரியை எடுத்துப் பண்ணைகளுக்குப் போய்ப் பால் ஏற்றி வந்தார். காலையில் லசரீனாவை விமான நிலையப் பேருந்தில் ஏற்றிவிட்டார். பிறகு வறுவல் வண்டிக்குள் ஏறி, உறைந்த கொழுப்பைக் கரண்டியால் வெட்டி எடுத்து இரண்டு வாளிகளில் போட்டார். ஈயும் அதோடு போனது. சட்டியைச் சோடா உப்பு போட்டுத் தேய்த்தார். முழுதாகப் போகவில்லை. மத்தியானம் மிச்சமிருந்த ஹாம் சாண்ட்விச்சைத் தின்றார். ஓரங்கள் காய்ந்திருந்தன. கர்லி வந்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வண்டி வருமா என்று கேட்டான். தெரியாது என்றார். சி.டி. பீடத்திலிருந்து திரும்பி வந்து பாட்டுப்பெட்டிமேல் இருந்தது. அதைப் பாத்திரம் கழுவும் தண்ணீரில் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். போடவில்லை. நான்கு மணிக்கு டீ போட்டார். ஒரு கோப்பை.